நூலிழையில் ஓர் உயிர் – 7: மருந்தா, எமனா?

இதுவரை: மாரடைப்பில் பிழைத்தவர்களுக்கு இதயத் துடிப்பு தாளம் தப்பக் கூடாது என்று கொடுத்த மாத்திரைகளே அவர்கள் உயிரைக் குடித்த கதையைப் போன வாரம் பார்த்தோம். 'காஸ்ட்' என்ற அந்த அமெரிக்க ஆய்வில் மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் இருந்த வெற்று மாத்திரைக்காரர்களில் இறந்தவர்கள் 26 பேர்தான். இதய வார்டில் நடந்த விபரீதம் தலைக்காய வார்டில் நடக்காது என்று என்ன நிச்சயம் என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

கடைவீதிக்குப் போன நோயாளி

1948, செப்டம்பர் 21. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். மேயோ கிளினிக் மருத்துவர்களின் கண்காணிப்பில் 29 வயதுப் பெண் ஒருத்தி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். முடக்குவாதம். மூட்டுக்கு மூட்டு வீக்கம், வலி. அதுவரை தெரிந்த வைத்தியம் எதற்கும் நோய் மசியவில்லை.

பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் அன்று ஒரு புதுப் பொருளை அவளுக்கு ஊசி வழியே ஏற்றினார். அட்ரினல் சுரப்பியில் ஊறும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்து வந்த எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலாளர் கண்டெடுத்த பொருள் அது. ஓரிரு நாளில் வலி குறையத் தொடங்கியது. பிறகு நடந்தாள். ஒரு வாரம் ஆனதும் கடைவீதிக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினாள்!

கார்டிசோன் பிறந்த கதை இதுதான். இரண்டே வருடத்தில், 1950-ல், ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும் சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு வந்து சேர்ந்தது. ஸ்டீராய்டு யுகம் தொடங்கிவிட்டது. உடம்பில் எங்கே வீக்கம் என்றாலும் மருத்துவர்களின் கை தானாக ஸ்டீராய்டைத் தேடிப் போனது.

1961-ல் அதே மின்னசோட்டாவில் இன்னோர் அதிசயம். மூளையில் கட்டி வந்தவர்களுக்குக் கட்டியைச் சுற்றி நீர் கோத்து மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, கை கால் விழுந்துபோவது, கடைசியில் கோமா. அப்படிப்பட்டவர்களுக்கு ஜோசப் கலிசிச், லைல் ஃபிரெஞ்ச் என்ற மருத்துவர்கள் டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். மயங்கிக் கிடந்தவர்கள் தெளிந்தார்கள். கட்டி அப்படியேதான் இருந்தது. வீக்கம் மட்டும் வடிந்தது. மூளைக் கட்டிக்கு இன்றைக்கும் இந்தச் சிகிச்சை உண்டு. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில்தான் வந்தது.

சாலை விபத்தில் தலை மோதி வருகிறவருக்கும் மூளைதானே வீங்குகிறது? கணுக்கால் சுளுக்கினால் வீக்கம் வெளியே புடைத்துக்கொள்ளும். மூளைக்கு அந்த வசதி கிடையாது. சுற்றிலும் எலும்பு. வீங்க வீங்க உள்ளே அழுத்தம் ஏறும். இதயம் தள்ளுகிற ரத்தம் மூளைக்குள் போக முடியாமல் திணறும். முடிவில், மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு நசுங்கும். அதோடு கதை முடிந்தது. ஆகவே, வீக்கத்தை வடிக்கிற மருந்து உயிரைக் காப்பாற்றத்தானே வேண்டும்?

பள்ளிக்கூடப் பையன்கூட ஒத்துக்கொள்ளும் தர்க்கம். உலகமும் ஒத்துக்கொண்டது. தலைக்காயத்தோடு வந்தவர்களுக்குப் பல நாடுகளில் ஸ்டீராய்டு ஏறியது. 1990-ல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மெதில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எட்டு மணி நேரத்துக்குள் பெரிய அளவில் கொடுத்தால் பலன் இருக்கிறது என்று அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னதும், தண்டுக்கு நல்லதென்றால் மூளைக்கும் நல்லதுதான் என்ற நம்பிக்கை இன்னும் இறுகியது. 1995-ல் அமெரிக்காவில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. விபத்துச் சிகிச்சை மையங்களில் 64 சதவீதம், பலத்த தலைக்காயக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தன.

ஆனால் ஸ்டீராய்டு போட்டதால் பிழைத்தார்களா, போட்டும் பிழைத்தார்களா? இந்தக் கேள்விக்கு அந்த மையங்கள் எதிலும் விடை இல்லை.

கண்ணில் படாத மூன்று பேர்

யாருமே சோதிக்கவில்லை என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்தில் சின்னச் சின்னதாகப் பல ஆய்வுகள் நடந்திருந்தன. ஒன்று பலன் உண்டு என்றது. இன்னொன்று பிரயோஜனமில்லை என்றது. 1997-ல் ஃபில் ஆல்டர்சன், இயன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் லண்டனிலிருந்து வெளிவரும் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் அந்த ஆய்வுகள் அத்தனையையும் ஒரே மேஜையில் கொட்டிக் கூட்டிக் கழித்துக் காட்டினார்கள்.

எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 2,000 நோயாளிகள். கூட்டுத்தொகை சொன்னது இதுதான்: ஸ்டீராய்டு போட்டால் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு உயிர் மிஞ்சலாம். அதே கணக்கின் இரண்டு ஓரங்களையும் பார்த்தால், நூற்றுக்கு ஆறு உயிர் மிஞ்சவும் இடமிருந்தது. இரண்டு உயிர் கூடுதலாகப் போகவும் இடமிருந்தது.

முப்பது வருடம் ஊசி போட்ட பிறகு மருத்துவ உலகின் கையில் இருந்த ஞானம் அவ்வளவுதான்.

தினமும் நோயாளியைப் பார்க்கிற அனுபவசாலி மருத்துவருக்கு இது தெரியாமலா போகும் என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. தெரியவே முடியாது. பலத்த அடிபட்டு வருகிற நூறு பேரில் எந்த ஸ்டீராய்டும் இல்லாமலே 18 பேர் இறப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து கொடுத்தால் அது 15 ஆகிறது என்றோ, 21 ஆகிறது என்றோ வைத்துக்கொள்வோம். அந்த மூன்று பேர் யார்? அவர்கள் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. இந்த மாதம் லாரி மோதியவர்கள் அதிகம் வந்திருப்பார்கள். அடுத்த மாதம் படியில் வழுக்கி விழுந்த முதியவர்கள் வருவார்கள். ஒரு வருடம் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வரும்; ஒரு வருடம் தாமதிக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் மூன்று உயிர் சத்தமில்லாமல் கரைந்துபோகும்.

போதாக்குறைக்கு மனித மனம் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஸ்டீராய்டு போட்டவர் பிழைத்தால் மருந்து காப்பாற்றியது என்போம். இறந்தால் அடி அப்படி, என்ன செய்ய முடியும் என்போம். இந்த இரண்டு வாக்கியங்களும் கையில் இருக்கிறவரை எந்த மருந்தும் குற்றவாளிக் கூண்டில் ஏறாது.

ராபர்ட்ஸ் குழந்தை மருத்துவராகத் தொடங்கி, நோய்களை எண்களால் துரத்துகிற துறைக்கு வந்தவர். அவரும் எடின்பரோவின் நரம்பியல் மருத்துவர் பீட்டர் சாண்டர்காக் உள்ளிட்ட தோழர்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். ஸ்டீராய்டு நூற்றுக்கு இரண்டே உயிரைக் காப்பாற்றினாலும், ஐந்து லட்சம் தலைக்காயக்காரர்களுக்குக் கொடுத்தால் 10,000 பேர் பிழைப்பார்கள். உலகம் முழுக்க ஒவ்வோர் ஆண்டும் மண்டை உடைந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பல லட்சம். விட்டுவிடக் கூடிய விஷயமா? அவ்வளவு சின்ன வித்தியாசத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பிடிக்க வேண்டுமென்றால் எத்தனை நோயாளிகள் வேண்டும்?

விடை வந்தது: 20,000.

முப்பது வருட ஆய்வுகளில் சேர்ந்தவர்களைப் போலப் பத்து மடங்கு. அதுவும் நினைவில்லாமல், ரத்தம் வழிய, நடுராத்திரியில் வருகிறவர்களைச் சேர்க்க வேண்டும். இது நடக்கிற காரியமா?

சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் உள்ளே வரலாம்

1999 ஏப்ரலில் ஆட்டம் தொடங்கியது. ஆய்வின் பெயர் 'கிராஷ்'. பணம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தந்தது. இத்தனை பெரிய காரியத்தை நடத்த அவர்கள் பிடித்த வழி வேடிக்கையானது: எதையெல்லாம் விடலாமோ அதையெல்லாம் விட்டுவிடுவது.

நோயாளிக்கு வயது 16 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அடிபட்டு எட்டு மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டும். 'கிளாஸ்கோ கோமா அளவுகோல்' என்று மருத்துவர்கள் சொல்லும் மதிப்பெண் 14 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த இந்த அளவுகோலுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? கண்ணுக்கு நான்கு மதிப்பெண். கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறாரா, உளறுகிறாரா, முனகல் மட்டும்தானா? பேச்சுக்கு ஐந்து. கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறாரா, நகக்கண்ணில் அழுத்தினால் இழுத்துக்கொள்கிறாரா? அசைவுக்கு ஆறு. தெளிவாக இருப்பவர் பதினைந்துக்குப் பதினைந்து வாங்குவார். எதற்கும் அசையாதவருக்கும் மூன்று கிடைக்கும். அதற்குக் கீழே மதிப்பெண் இல்லை.

வயது, நேரம், மதிப்பெண் மூன்றும் பொருந்திய பிறகு ஒரு கடைசி நிபந்தனை. எதிரே நிற்கும் மருத்துவருக்குச் சந்தேகம் இருக்க வேண்டும்! இவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் நினைத்தால், தாராளமாகக் கொடுக்கலாம். ஆய்வில் சேர்க்கக் கூடாது. கொடுக்கவே கூடாது என்று நினைத்தாலும் சேர்க்கக் கூடாது. கொடுப்பதா வேண்டாமா என்று மனசு ஊசலாடினால் மட்டுமே பெட்டியை எடுக்கலாம். தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதுதான் இந்த ஆய்வுக்கு நுழைவுச் சீட்டு. வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களுக்கு அது லேசான காரியமில்லை.

பெட்டி என்றேனே, அது என்ன? எண் போட்டு முத்திரை வைத்த சிகிச்சைப் பெட்டிகள் நாடு நாடாகப் போயின. சில இடங்களில் மருத்துவர் இரவானாலும் பகலானாலும் ஓர் எண்ணுக்குப் போன் செய்வார். எதிர்முனை நோயாளியின் விவரம் நாலைந்தைக் கேட்டுக்கொண்டு, இன்ன எண்ணுள்ள பெட்டியை எடுங்கள் என்று சொல்லும். போன் வசதி சரிவராத இடங்களில் வார்டிலேயே வரிசைப்படி ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். உள்ளே மெதில்பிரெட்னிசோலோன் குப்பிகள். முதல் ஒரு மணி நேரத்தில் 2 கிராம் ஏறும். பிறகு மணிக்கு 0.4 கிராம் வீதம் 48 மணி நேரம் டிரிப்ஸில் சொட்டும். மொத்தம் 21.2 கிராம். பிரெட்னிசோலோன் மாத்திரையை மில்லிகிராம் கணக்கில் எண்ணி விழுங்குகிற நம் பக்கத்து வீட்டு ஆஸ்துமாக்காரரைக் கேட்டால் இந்த அளவின் பிரம்மாண்டம் புரியும்.

ஆனால் எல்லாப் பெட்டியிலும் ஸ்டீராய்டு இல்லை. பாதிப் பெட்டிகளில் மருந்தே இல்லாத போலிக் குப்பிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்று. எதில் எது என்று நர்சுக்குத் தெரியாது, மருத்துவருக்குத் தெரியாது, லண்டனில் உட்கார்ந்திருக்கும் ராபர்ட்ஸுக்கும் தெரியாது. மற்ற சிகிச்சைகள் அனைத்தும் எல்லோருக்கும் வழக்கம்போல நடக்கும். இரண்டு வாரம் கழித்து மருத்துவமனை நிரப்ப வேண்டியது ஒரே பக்கம்: பிழைத்தாரா, இறந்தாரா, எந்த நிலையில் இருக்கிறார்?

இதற்குள் ஒரு தர்மசங்கடம் முளைத்தது. ஆய்வில் சேரச் சம்மதமா என்று யாரைக் கேட்பது? நோயாளிக்கு நினைவில்லை. கூட வந்தவர் பெரும்பாலும் முன்பின் தெரியாத வழிப்போக்கர். வீட்டார் வரும்வரை காத்திருந்தால் நேரம் ஓடிவிடும். வந்தவர்களும் மகன் பிழைப்பானா என்று மருத்துவரின் சட்டையைப் பிடித்துக் கேட்கிற நிலையில், ஆய்வைப் பற்றிய காகிதத்தை நீட்டினால் என்ன புரியும்? சில மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்கள் உறவினர் கையெழுத்து கட்டாயம் என்றன. சில, அவசரத்தில் மருத்துவரே முடிவெடுக்கலாம் என்றன. கையெழுத்துக்காகக் காத்திருந்த இடங்களில் ஊசி ஏறுவதற்கு ஒரு மணி நேரம் போலக் கூடுதலாகப் பிடித்ததைப் பின்னால் ராபர்ட்ஸ் குழு எண்களோடு எடுத்துக் காட்டியது. அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பது இந்தத் தொடரில் சீக்கிரமே தெரியவரும்.

எல்லாத் தடையையும் தாண்டி 49 நாடுகள், 239 மருத்துவமனைகள் சேர்ந்தன. நோயாளிகளின் எண்ணிக்கை ஆயிரம் ஆனது, ஐந்தாயிரம் ஆனது, பத்தாயிரத்தை நெருங்கியது. பாதித் தூரம் வந்தாயிற்று. அப்போதுதான் அது நடந்தது.

பூட்டு திறந்த மே மாதம்

இது போன்ற ஆய்வுகளில் உண்மையைப் பார்க்கிற உரிமை ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் உண்டு. தரவுக் கண்காணிப்புக் குழு என்று பெயர். ஆய்வை நடத்துபவர்களோடு ஒட்டும் உறவும் இல்லாத நிபுணர்கள் அவர்கள். எந்தப் பெட்டியில் எது இருந்தது என்ற ரகசியச் சாவி இவர்களிடம் காட்டப்படும். அவ்வப்போது கூடுவார்கள், எண்களைப் பார்ப்பார்கள், கலைவார்கள். வெளியே ஒரு வார்த்தை வராது. தொடரலாம் என்ற ஒரு வரிச் செய்தி வரும், அவ்வளவுதான். எதிர்பாராத நன்மையோ தீமையோ எண்களில் அழுத்தமாகத் தெரிந்தால் மட்டும் கதவைத் திறப்பார்கள்.

2004 மே மாதம் கதவைத் திறந்தார்கள். ஆய்வை நடத்தும் குழுவிடம் எண்களை வைத்தார்கள்.

அதுவரை சேர்ந்தவர்கள் 10,008 பேர். ஸ்டீராய்டுப் பெட்டி 5,007 பேருக்கு. போலிப் பெட்டி 5,001 பேருக்கு. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஒரு பக்கம் 893. இன்னொரு பக்கம் 1,052.

நூற்றுக்கு 17.9 ஒரு பக்கம், 21.1 மறு பக்கம். நூற்றுக்கு மூன்று. முன்பு நாம் பார்த்தோமே, யார் கண்ணிலும் படாத அந்த மூன்று பேர், அவர்கள் இப்போது காகிதத்தில் பளிச்சென்று நின்றார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா? அதற்கு இருந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று.

1,052 பேர் இறந்த பக்கம் எது?

ஸ்டீராய்டுப் பக்கம்.

காப்பாற்றும் என்று நம்பிப் போட்ட மருந்து, 159 பேரைக் கூடுதலாகப் பலி வாங்கியிருந்தது. ஆய்வு அந்த மாதமே நின்றது. மிச்சப் பத்தாயிரம் பேர் சேரவே இல்லை.

அக்டோபரில் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. நம்பிக்கையை விட மனமில்லாதவர்கள் ஓட்டை தேடினார்கள். பலத்த அடிபட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால்? அங்கேயும் அதே கதை. லேசான அடி? அதே. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்கள்? அவர்களுக்கும் பலன் எதுவும் காணோம். இரண்டு வாரத்தில் இறக்காதவர்கள் பின்னால் நன்றாகத் தேறியிருக்கலாமே? ஆறு மாதக் கணக்கு அடுத்த ஆண்டு வந்தது. ஸ்டீராய்டுப் பக்கம் 25.7 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள்; போலிப் பக்கம் 22.3. தப்பிக்க ஒரு சந்துகூட மிஞ்சவில்லை.

எப்படிக் கொன்றது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. உடம்புக்குள் எந்த இடத்தில் கணக்கு தப்பியது என்று ஆய்வால் சொல்ல முடியவில்லை. அதனால் என்ன? எப்படி என்று தெரியாவிட்டாலும் நிறுத்தத் தெரிந்தது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு வேண்டாம். மெதில்பிரெட்னிசோலோனைப் பெரிய அளவில் கொடுக்கவே கூடாது என்று 2007-ல் அமெரிக்க வழிகாட்டி நெறிகள் தங்களிடம் உள்ள உச்சபட்ச உறுதியோடு எழுதிவைத்தன.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நோயாளிகளை எலிகளாக்கிச் சோதித்துவிட்டார்கள் என்று இந்த ஆய்வைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் முகவரியைத் தப்பாக எழுதிய கோபம். ஆய்வுக்குள் ஸ்டீராய்டு வாங்கியவர்கள் 5,007 பேர். ஆய்வு தொடங்குவதற்கு முன்னால், முப்பது வருடமாக, நல்லெண்ணத்தோடும் நம்பிக்கையோடும் ஸ்டீராய்டு போடப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் போலிப் பெட்டி கிடைக்கும் வாய்ப்பே இல்லை. அவர்களுக்காக எந்தக் கண்காணிப்புக் குழுவும் கூடவில்லை. அவர்களின் சாவை யாரும் எண்ணவில்லை. எண்ணாததால் அது சாவாகவே கணக்கில் வரவில்லை, விதியாகப் போயிற்று. சந்தேகத்தோடு எண்ணியவர்கள் ஐந்து வருடத்தில் நிறுத்தியதை, சந்தேகமே இல்லாதவர்கள் முப்பது வருடம் செய்துகொண்டிருந்தார்கள்.

டோக்கியோவின் பழைய மருந்து

ராபர்ட்ஸ் குழு இப்போது லண்டனின் புகழ்பெற்ற சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் இருந்தது. அவர்கள் கையில் விலைமதிப்பற்ற சொத்து ஒன்று சேர்ந்திருந்தது. நடுராத்திரியிலும் பெட்டி எடுக்கத் தெரிந்த மருத்துவமனைகள் கண்டம் கண்டமாக! அடுத்து எதைச் சோதிப்பது?

விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு உயிரோடு வந்து சேர்ந்த பிறகு இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ரத்தம் போயே இறக்கிறார்கள். ரத்தம் உறைந்து காயத்தை அடைப்பது உடம்பின் இயல்பு. அந்த அடைப்பைக் கரைத்து வழியைச் சீராக்கப் பிளாஸ்மின் என்ற இன்னொரு பொருளும் உடம்பிலேயே உண்டு. சாதாரண நாளில் இரண்டும் ஒத்துப்போகும். பெரிய விபத்தில் சிலருக்குக் கரைக்கிற வேலை கட்டுமீறிப் போகும். அடைக்க அடைக்கக் கரையும்; கரையக் கரைய ரத்தம் கொட்டும்.

கரைப்பதை நிறுத்த ஒரு மருந்து இருந்தது. பல் பிடுங்கிக்கொள்கிறவர்களுக்கும், மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கும் கொடுத்து வந்த பழைய, மலிவான மருந்து. டிரானெக்ஸாமிக் அமிலம். அதைக் கண்டுபிடித்தவர்கள் டோக்கியோவில் கெயோ பல்கலைக்கழகத்தின் ஷோசுகே ஒகமோட்டோ, அவர் மனைவி உடாகோ ஒகமோட்டோ.

இரண்டாம் உலகப் போர் முடிந்த ஜப்பானில் ஆராய்ச்சிக்குக் காசில்லை. ரத்தத்தை ஆராய்வோம், மாதிரி தீர்ந்துபோனால் நம் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்த தம்பதி அவர்கள். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார் உடாகோ. ஆய்வரங்க மேடையில் முதன்முதலாக ஏறியபோது ஆண் விஞ்ஞானிகள் அவரைக் கிண்டல் செய்தார்கள். 1962-ல் டிரானெக்ஸாமிக் அமிலத்தை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதற்கு முன் அவர்களே கண்டுபிடித்திருந்த மருந்தைவிட 27 மடங்கு வீரியம். பிரசவத்தில் ரத்தம் போய் இறக்கும் தாய்மார்களுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று கோபே நகரத்து மகப்பேறு மருத்துவர்களிடம் உடாகோ கேட்டுப் பார்த்தார். யாரும் செவிசாய்க்கவில்லை. நாற்பது வருடம் ஓடிப்போயிற்று.

ராபர்ட்ஸ் குழுவின் கண் இந்த மருந்தின் மேல் விழுந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் இதைக் கொடுத்தால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பழைய ஆய்வுகள் சொல்லியிருந்தன. அறுவை சிகிச்சையில் ரத்தத்தைக் கட்டுப்படுத்துகிற மருந்து விபத்திலும் கட்டுப்படுத்தத்தானே வேண்டும்?

இந்தத் தர்க்கத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? கட்டி வீக்கத்தை வடித்த மருந்து காய வீக்கத்தையும் வடிக்கும் என்று நம்பிய அதே ஏணி, அதே படி!

ஆபத்தும் சின்னதில்லை. உறைந்த ரத்தத்தைக் கரைய விடாத மருந்து, இதயக் குழாயிலும் நுரையீரலிலும் மூளையிலும் அடைப்பை உண்டாக்கினால்? ரத்தப்போக்கில் தப்பியவரை மாரடைப்பில் இழந்தால்? போன முறை 159 பேருக்கு எமனாக வந்த பெட்டியை, அதே மருத்துவர்களிடம் நீட்டி இன்னொரு முறை எடுங்கள் என்று கேட்க வேண்டும்.

கேட்டார்கள். 2005 மே மாதம் புதிய பெட்டிகள் புறப்பட்டன. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள். எந்த நாட்டையும்விட அதிகமான நோயாளிகளைச் சேர்த்தது இந்தியா. 2010 ஜனவரியில் சேர்க்கை முடிந்தபோது மொத்தம் 20,211 பேர். இந்த முறை கண்காணிப்புக் குழு நடுவில் கதவைத் திறக்கவில்லை. அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யாருக்கும் தெரியாது.

சாவி திருப்பப்பட்டது. இரண்டு பக்கத்திலும் இறந்தவர்களின் எண்ணிக்கை வெளியே வந்தது. இடையில் 150 உயிர் வித்தியாசம்!

எந்தப் பக்கம் அதிகம்? அதைச் சொல்வதற்குள் இன்னொரு புதிரையும் பார்த்துவிடுவோம். ரத்தம் போய் இறந்தவர்களின் எண்களை, அடிபட்டு எத்தனை மணி நேரத்தில் மருந்து ஏறியது என்ற வரிசையில் அடுக்கிப் பார்த்தார்கள். முதல் மணி நேரம் ஒரு மாதிரி இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் பரவாயில்லை. மூன்று மணி நேரத்தைத் தாண்டியவர்களின் வரிசைக்கு வந்தபோது, எண்கள் தலைகீழாகத் திரும்பி நின்றன. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே பெட்டி. கடிகார முள் நகர்ந்ததும் அது வேறு மருந்தாக மாறியது எப்படி?

(தொடரும்)